பழைய ஏஸா, புது லோடு ஆட்டோவா?

ப்ரோ, காசிமேட்டுல இருந்து வியாசர்பாடிக்கு நாலஞ்சு பொட்டி மீன் ஏத்த 2014 டாடா ஏஸ் (சின்ன நாலு சக்கர லோடு வண்டி) வாங்கவா, புது மூணு சக்கர லோடு ஆட்டோ எடுக்கவான்னு கேட்டிருக்கீங்க. அந்த ஏஸ் முன்னாடி என்ன லோடு ஓட்டுச்சுன்னு முதல்ல விசாரிங்க, மீன் வண்டின்னா ஐஸ் தண்ணியும் உப்பும் எறங்கி சேசிஸ, அதாவது வண்டியோட அடிச்சட்டத்த அரிச்சிருக்கும், மேல பெயின்ட் என்னமோ பளபளன்னுதான் இருக்கும், அதனால அடியில படுத்து டார்ச் அடிச்சு ஸ்பிரிங் மாட்டுற எடமெல்லாம் சுத்தியலால தட்டிப் பாருங்க, சத்தம் பொத்துன்னு வந்தா பேரமே பேசாம கிளம்பிடுங்க. 8 வருஷம் தாண்டுன வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி (வண்டி ரோட்ல ஓடத் தகுதியா இருக்குன்னு வாங்குற சர்டிபிகேட்) வேற எடுக்கணும், விக்கிறவன் அத சொல்ல மாட்டான். நீங்க சொல்ற நாலஞ்சு பொட்டிக்கு ஆட்டோவே தாராளம், சந்துல திருப்பவும் ஈசி. எண்ணூர் ரோட்ல கன்டெய்னர் லாரி நடுவுல டெய்லி ஓடணும்னா மட்டும் ஏஸ், அதுவும் காய்கறி ஓட்டுன வண்டியா தேடுங்க.