டோக் பிசினில் 'நாம்' என்பது யார்?

கேள்வி: பல இனத்தார் வந்து குவியும் நகரங்களில் கிரியோல் மொழி (பல மொழிக்காரர் கலப்பில் பிறந்து, பிறகு தாய்மொழியாகிவிட்ட மொழி) பரவினால், அவரவர் இன அடையாளம் அழிந்துவிடாதா?

பப்புவா நியூ கினியின் தலைநகரான போர்ட் மோர்ஸ்பியில் நான்கு ஆண்டுகள் கணக்கு ஆசிரியராக இருந்தேன். அங்கே காதில் விழுந்த டோக் பிசின் என்ற கிரியோல் மொழியை வைத்துச் சொல்கிறேன். இன அடையாளம் அவ்வளவு எளிதில் அழிவதில்லை. அதன் மேல் நகரத்து அடையாளம் ஒன்று ஏறிக்கொள்கிறது. அது எல்லாருக்கும் பிடிப்பதில்லை, அவ்வளவுதான்.

800க்கும் அதிகமான மொழிகள் பேசப்படும் நாடு அது. 19ஆம் நூற்றாண்டில் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன தீவு மக்கள், ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரிவதற்காக உருவாக்கிக்கொண்ட மொழியின் வழிவந்ததுதான் டோக் பிசின். சொற்களில் பெரும்பகுதி ஆங்கிலத்திலிருந்து வந்தவை. 'விரட்டு' என்பதற்கான 'ரவுசிம்' போன்ற சில, ஜெர்மானியர் ஆட்சி விட்டுப்போனவை. இதை ஓட்டை ஆங்கிலம் என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன்.

முதல் வாரமே அந்த நினைப்பு போயிற்று. ஆசிரியர் அறையிலிருந்து கிளம்பியவர்கள் "மிபெலா கோ நாவ்" என்றார்கள். 'மிபெலா' என்றால் நாங்கள். 'யுமி' என்றால் நாம். ஆங்கிலத்துக்கு அடியோடு தெரியாத இந்த வேறுபாட்டை, ஆங்கிலச் சொற்களையே ஒட்டவைத்து, தங்கள் தாய்மொழிகளின் இலக்கணப்படி அவர்கள் செய்துகொண்டிருந்தார்கள். தமிழ்க் காதுக்கு உடனே உறைத்துவிட்டது: என்னை விட்டுவிட்டுப் போகிறார்கள்! நீங்கள் கேட்கும் அடையாளப் பிரச்சினை முழுவதும் எனக்கு இந்த இரண்டு சொற்களுக்குள்ளேயே இருக்கிறது.

'வான்டோக்' என்றொரு சொல் உண்டு. ஒரே பேச்சுக்காரர் என்று பொருள். நகரத்துக்கு வருபவனுக்கு முதலில் படுக்க இடமும் சோறும் தருபவர் வான்டோக்தான். கிராமத்தில் அது சொந்த மொழி பேசுபவரைக் குறிக்கும். நகரத்தில் ஒரே மாகாணத்தார்கூட வான்டோக் ஆகிவிடுகிறார்கள். வெளிநாட்டில் சந்தித்துக்கொண்டால் நாட்டு மக்கள் எல்லாருமே வான்டோக்.

சிக்கல் பிள்ளைகளிடம் தொடங்குகிறது. அப்பா செபிக் ஆற்றுப் பக்கம், அம்மா மலைநாடு என்றால் வீட்டு மொழி டோக் பிசின்தான். பெற்றோருக்கு இரண்டாம் மொழியாக இருந்தது பிள்ளைக்குத் தாய்மொழி. அந்நாட்டின் லாயே நகரத்துப் பேச்சைப் பற்றி மொழியியலாளர்கள் கில்லியன் சாங்காஃபும் சூசான் லபேர்ஜும் 1970களில் எழுதினார்கள். 'பிறகு' என்ற பொருளில் தனியாக நின்ற 'பைம்பை', 'பை' என்று சுருங்கி எதிர்காலத்தைக் காட்டும் உறுப்பாகியிருந்தது. பிள்ளைகள் வாயில் அது இன்னும் தேய்ந்து ஒலித்ததாம். என் மாணவர்கள் பேசும் வேகத்துக்கு அவர்களுடைய பெற்றோரே ஈடுகொடுக்க முடியாது.

ஆனால் ஊர் எது என்ற கேள்வி விடுவதில்லை. புதிதாக யாரைப் பார்த்தாலும் 'ஆஸ்பிளெஸ்', அதாவது பூர்வீக ஊர், எது என்று கேட்பார்கள். அந்த ஊரையே பார்த்திராத பிள்ளைகளும் அப்பாவின் ஊர்ப் பெயரைத்தான் சொல்வார்கள். ஒரு முறை பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி "மி பிலோங் மோஸ்பி" என்றாள். நான் மோர்ஸ்பிக்காரி என்பது பொருள். எனக்கு அது மிக இயல்பான பதிலாகப் பட்டது.

பக்கத்தில் இருந்த ஆசிரியர் பேனாவை மூடி வைத்தார். அவர் மோட்டு இனத்தவர். நகரம் எழுந்திருப்பதே மோட்டு, கோய்ட்டா மக்களின் நிலத்தில்தான். மோட்டு மொழியின் எளிய வடிவமான ஹிரி மோட்டு பொதுமொழியாக இருந்த அந்தப் பகுதிக்கு, டோக் பிசின் வடக்கிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் வந்தவர்களோடு வந்து சேர்ந்தது. அந்த மொழியிலேயே இந்த ஊர் என்னுடையது என்று ஒரு சிறுமி சொன்னதை அவரால் ரசிக்க முடியவில்லை. அவளைத் திட்டவும் இல்லை. "யூ பிலோங் மோஸ்பி? ஓகே. பாப்பா பிலோங் யூ?" என்று மட்டும் கேட்டார். சரி, உன் அப்பா எந்த ஊர் என்று.

அதையும் டோக் பிசினில்தான் கேட்டார்.