சிங்கப்பூரில் எங்கே வீடு வாங்குவது என்பதில்கூட அரசு தலையிடுமா?

தலையிடும், நன்றாகவே. மக்களில் முக்கால்வாசிக்கும் மேல் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளில்தான் இருக்கிறார்கள். அதனால் விதியை வைப்பது அரசுக்குச் சுலபம்.

கல்யாணமான குடிமக்கள் பெற்றோர் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் மறுவிற்பனை வீடு வாங்கினால் 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மானியம் உண்டு. பெற்றோரோடு ஒரே வீட்டில் என்றால் 30,000. மாமியாரோடு இருக்க அரசே காசு தருகிறது! வீவக வீட்டைத் தனியாளாக வாங்கவோ பொதுவாக 35 வயது ஆக வேண்டும். 28 வயதில் தனியாக வாழ நினைப்பவர், தனியார் வீடு வாங்க வசதி இல்லையென்றால், வாடகைக்குத்தான் போக வேண்டும். இது எனக்கு உறுத்துகிறது.

அப்புறம், 1989 முதல் இன ஒதுக்கீடு. ஒவ்வொரு புளோக்கிலும் (அடுக்குமாடிக் கட்டடத்திலும்) சீனர், மலாய்க்காரர், இந்தியர் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. சீனர் பங்கு நிரம்பிய புளோக்கில் வீட்டை விற்க வரும் தமிழர், சீனருக்கு விற்க முடியாது. வாங்க ஆள் குறைவு, விலையும் இறங்கும். ஒரே இனம் ஒரே பேட்டையில் குவியாமல் இருப்பது நல்லதுதான். ஆனால் அதற்கான விலையை அதிகம் கொடுப்பது சிறுபான்மையினர்தான்.