வண்டி சுமக்கும் டேட்டா: வாசகர் கேள்விகள்

இணைய இணைப்பு இல்லாத இடத்தில் சேரும் டேட்டாவை, அவ்வழியே போகும் பேருந்து வைஃபையில் வாங்கிச் சுமந்து, இணைப்புள்ள இடத்தில் இறக்கும் முறை பற்றிய கேள்விகள் இவை.

கே: சாலையோர சென்சார் பெட்டியிலிருந்து, நிற்காமல் போகும் பேருந்துக்கு எவ்வளவு டேட்டா ஏற்றலாம்?

ப: வேகத்தையும் எழுதவில்லை, வைஃபை எட்டும் தூரத்தையும் எழுதவில்லை. பிறகு எப்படிக் கணக்குப் போடுவது? மணிக்கு 60 கி.மீ., இருபக்கமும் 200 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வண்டி எல்லைக்குள் இருப்பது சுமார் 24 விநாடி. இணைப்புப் பிடித்து ஐபி முகவரி வாங்குவதிலேயே 10 விநாடி போய்விடும். மிச்ச நேரத்தில், நொடிக்கு 10 மெகாபிட் உண்மையாகவே கிடைத்தால், 17 மெகாபைட் ஏறும். சேனலையும் முகவரியையும் முன்கூட்டியே நிலையாக வைத்துவிட்டால் 30-ஐ நெருங்கலாம். ஒன்று மட்டும்: போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புகை வரும்வரை பெட்டியிலுள்ள பிரதியை அழிக்காதீர்கள்.

கே: இதில் வீடியோ கால் பேசலாமா?

ப: முடியாது. டேட்டா போய்ச்சேர மணிக்கணக்கில் ஆகும். மின்னஞ்சல், விண்ணப்பம், சென்சார் அளவீடு என்றால் சரி. கர்நாடகக் கிராமங்களில் டாக்நெட் (பேருந்தில் வைஃபை வைத்து டேட்டா சுமந்த திட்டம்) பேருந்து சுமந்ததும் நில ஆவண விண்ணப்பங்களைத்தான்.

கே: டிசிபி (இணையத்தில் டேட்டா தவறாமல் போய்ச்சேரப் பார்த்துக்கொள்ளும் விதிமுறை) இணைப்பு அறுந்துகொண்டே இருக்கிறது. எந்த செட்டிங்கை மாற்றுவது?

ப: எதை மாற்றியும் பயனில்லை. இரண்டு முனைகளும் ஒரே நேரத்தில் தொடர்பில் இருந்தால்தான் டிசிபி வேலை செய்யும். பெட்டிக்கும் பேருந்துக்கும் இடையில் அது ஓடட்டும். அதற்கு மேல் பண்டில் புரோட்டோகால் போடுங்கள் (இணையத் தர ஆவணம் ஆர்எஃப்சி 9171, 2022). அது டேட்டாவை பண்டில் என்ற பொதியாகக் கட்டி, அடுத்த தொடர்பு கிடைக்கும்வரை வைத்திருந்து அனுப்பும். கடிகாரம் சரியில்லாத வண்டி என்றால் பண்டிலின் வயதைக் குறிக்கும் பகுதியையும் சேருங்கள். இல்லாவிட்டால் காலாவதி என்று நல்ல டேட்டாவையே தூக்கியெறிந்துவிடும்.

கே: சிமுலேஷனில் ஏறக்குறைய எல்லாம் போய்ச்சேருகிறது, சாலையில் பாதிகூட வரவில்லை. ரேடியோ பழுதா?

ப: ரேடியோவைக் குறை சொல்லாதீர்கள். நீங்கள் அனுப்பிய கோப்பைத் திறந்து பார்த்தேன். ரேண்டம் வேபாயின்ட் (ஒவ்வொரு வண்டியும் ஓர் இடத்தையும் வேகத்தையும் தற்செயலாகத் தேர்ந்து நேர்கோட்டில் போகும் மாதிரி), குறைந்தபட்ச வேகம் 0. இதை இன்னும் எத்தனை முறை எழுதுவது? எந்தப் பேருந்து சாலையை விட்டிறங்கி வெட்டவெளியில் நேர்கோட்டில் ஓடுகிறது? அந்த மாதிரியில் எந்த வண்டியும் எந்த வண்டியையும் என்றாவது சந்தித்துவிடும். நிஜத்தில் இரண்டு தடங்கள் ஒரே ஒரு நிறுத்தத்தில்தான் வெட்டிக்கொள்ளும். அங்கும் ஒன்று கிளம்பிய பிறகு மற்றது வந்தால் சந்திப்பே கிடையாது. அப்புறம் அந்த 0. மிகக் குறைந்த வேகம் வாய்த்த கணுக்கள் (அதாவது மாதிரியிலுள்ள வண்டிகள்) இலக்கை எட்டாமல் ஊர்ந்துகொண்டே இருக்கும். நேரம் போகப் போக மொத்தச் சராசரி வேகமே சரியும். 2003-லேயே ஆய்வாளர்கள் காட்டிவிட்ட விஷயம் இது. இன்றும் இதே மாதிரியை வைத்து முடிவுகள் வருவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அதை நம்பி யாரோ காசு போட்டு வண்டி வண்டியாக ரவுட்டர் மாட்டுகிறார்கள். நிஜ ஜிபிஎஸ் தடங்களைப் போடுங்கள். கிடைக்காவிட்டால் சாலை வரைபடத்தையும் கால அட்டவணையையும் சூமோவில் (போக்குவரத்து சிமுலேஷன் மென்பொருள்) ஏற்றி ஓட்டுங்கள். ரத்தான ட்ரிப்புகளையும் சேர்க்க மறக்காதீர்கள்.

கே: எத்தனை பிரதிகள் அனுப்பலாம்?

ப: எதிர்ப்படும் வண்டிக்கெல்லாம் கொடுத்தால் நினைவகம் வழியும். நாலைந்தில் ஆரம்பியுங்கள், தடம் மாறாத பேருந்துகள் என்றால் 2 போதும். பெட்டியிலுள்ள மூலப் பிரதி இந்தக் கணக்கில் சேராது. ஒப்புகை வரும்வரை அதைத் தொடவே தொடாதீர்கள்.

கே: ஓட்டுநர் டேட்டாவைப் படித்துவிட்டால்?

ப: பெட்டியிலேயே குறியாக்கம் செய்து ஏற்றுங்கள். குறியாக்கச் சாவியை வண்டியில் வைக்காதீர்கள்.