தோண்டுவது எங்கள் ஊரில், முடிவு டெல்லியிலா?

கேள்வி: அம்பத்தூரில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் தர்மபுரி மாவட்டம், அரூர் பக்கம். அப்பா பெயரில் இரண்டு ஏக்கர் புஞ்சை, மரவள்ளி போட்டிருக்கிறோம். போன மாதம் மாலிப்டினம் என்ற உலோகத்துக்கான ஆய்வு என்று சொல்லி ரிக் லாரியோடு வந்தவர்கள் வரப்பை உடைத்து உள்ளே போய்விட்டார்கள். ஒரு காகிதமும் தரவில்லை. நாளைக்குச் சுரங்கம் வந்தால் கனிமம் நாட்டுக்கு, பணம் அரசுக்கு, தூசி எங்களுக்கு. ஒரு வட்டாரத்தை மட்டும் இப்படிப் பலிகொடுப்பது சமத்துவத்துக்கு எதிரானது என்று வழக்குப் போட முடியுமா சார்?

பதில்: அந்த ஒரு வாதத்தை மட்டும் நம்பி வழக்குப் போடாதீர்கள். சமத்துவத்தைச் சொல்லும் அரசியல் சாசனத்தின் 14ஆவது பிரிவைக் காட்டினால், கனிமம் இருக்கிற இடத்தில்தானே தேட முடியும் என்று எதிர்த்தரப்பு முதல் நாளே சொல்லிவிடும். கொள்கை முடிவு என்றால் நீதிமன்றங்களும் தள்ளி நிற்கும்.

ஆனால் உங்கள் கோபம் நியாயமானது. 2023இல் கனிமச் சட்டத்தைத் திருத்தி, மாலிப்டினம், டங்ஸ்டன், கிராஃபைட் உள்ளிட்ட 24 கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசு தன் கைக்கு எடுத்துக்கொண்டது. ராயல்டியும் (வெட்டி எடுக்கும் கனிமத்துக்காகக் கம்பெனி கட்டும் தொகை) ஏலத்தொகையும் மாநிலத்துக்கு வரும், சரி. ஆனால் அது சென்னை கஜானாவுக்குத்தான் போகும், அரூருக்கு அல்ல. உங்கள் வட்டாரத்துக்கென்று சட்டம் ஒதுக்குவது மாவட்ட கனிம அறக்கட்டளைப் பணம் மட்டும்தான். ஏலத்தில் குத்தகை எடுத்த கம்பெனி 100 ரூபாய் ராயல்டி கட்டினால், அதற்கு மேல் 10 ரூபாய் இந்த அறக்கட்டளைக்குக் கட்ட வேண்டும். அதுவும் சுரங்கம் ஓட ஆரம்பித்த பிறகுதான். துளை போடும் காலத்தில் உங்களுக்கு அதில் ஒரு பைசா வராது.

இதைவிடப் பெரிய அநியாயம் என்று நான் நினைப்பது வேறு. 2025 செப்டம்பர் 8 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை போட்டு, இந்த வகைக் கனிமங்களின் சுரங்கங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று விலக்கு கொடுத்தது. கலெக்டர் முன்னால் மைக்கைப் பிடித்து, என் கிணறு என்ன ஆகும் என்று ஒரு விவசாயி கேட்கிற ஒரே இடம் அதுதான். வட்டார நியாயம் என்று நீங்கள் கேட்பதன் உயிரே அங்கேதான் இருந்தது.

மதுரை மாவட்டம் மேலூர் பக்கம் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் ஏலத்தைப் பாருங்கள். சுமார் 2015 ஹெக்டேர், அதற்குள் அரிட்டாபட்டி பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமும் வந்தது. 2024 நவம்பரில் ஏலம் முடிந்தது. கிராம சபைகள் தீர்மானம் போட்டன, ஊர்க்காரர்கள் மதுரை வரை பேரணி போனார்கள், டிசம்பர் 9இல் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23இல் மத்திய அரசே ஏலத்தை ரத்து செய்தது. அவர்கள் ஏலம் முடிந்த பிறகு போராட வேண்டியிருந்தது. உங்கள் நிலத்தில் நடப்பது இன்னும் ஆய்வுதான் என்றால், உங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. அதை வீணாக்காதீர்கள்.

முதலில் வரப்பு விஷயம். அரசின் ஆய்வு நிறுவனங்கள் கனிமம் தேடத் தனி உரிமம் வாங்க வேண்டியதில்லை. அதற்காக மரவள்ளியை மிதித்துவிட்டுப் போகலாம் என்று அர்த்தமில்லை. தனியார் உரிமதாரர் என்றால் கனிமச் சட்டத்தின் 24ஏ பிரிவில் நஷ்டஈடு கேட்கலாம். அரசு நிறுவனம் என்றாலும் சொத்துரிமை சொல்லும் அரசியல் சாசனத்தின் 300ஏ பிரிவு அப்பாவுக்கு உண்டு. உடைந்த வரப்பு, லாரி சக்கரத் தடம், பிடுங்கிப்போட்ட செடி எல்லாவற்றையும் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். பட்டா, அடங்கல் நகலோடு தாசில்தாருக்கும் கலெக்டருக்கும் மனு கொடுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வையுங்கள். போனில் வி.ஏ.ஓ.விடம் சொன்னது மனு ஆகாது.

அப்புறம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: வந்தது எந்த நிறுவனம், ஆய்வு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, பிளாக்கின் (ஆய்வுக்கென்று குறித்த பரப்பின்) எல்லைக்குள் எந்தெந்த சர்வே எண்கள் வருகின்றன. மாநில அளவில் மனு வாங்க வேண்டிய புவியியல் மற்றும் சுரங்கத் துறை ஆணையரகம் கிண்டியில்தான் இருக்கிறது, ஒரு நாள் லீவு போட்டு நீங்களே நேரில் போகலாம்.

பதில் வந்ததும் அதை கிராம சபையில் வைத்துத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். சுரங்கத்தைத் தடுக்கும் சட்ட அதிகாரம் அந்தத் தீர்மானத்துக்கு இல்லை, அதை மறைக்க மாட்டேன். பழங்குடிப் பகுதிகளுக்கு அரசியல் சாசனம் தனிப் பாதுகாப்பு தரும் ஐந்தாம் அட்டவணைப் பகுதியே தமிழ்நாட்டில் கிடையாது. ஆனால் கருத்துக்கேட்பு இல்லாத நிலையில், ஊர் எதிர்த்தது என்பதற்குக் கையெழுத்தோடு நிற்கும் ஆவணம் அது ஒன்றுதான். எத்தனை கிணறு, எத்தனை ஏக்கர் சாகுபடி, எந்த ஏரி என்று விவரமாக எழுதச் சொல்லுங்கள். வெறும் "எதிர்க்கிறோம்" போதாது.

இதையெல்லாம் மீறிச் சுரங்கத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்துவிட்டால், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை தாமதத்தை மன்னிப்பார்கள், அதற்கு மேல் கதவு மூடிவிடும். தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சேப்பாக்கத்தில் இருக்கிறது. குறிப்பாணையையே எதிர்ப்பது என்றால் உயர் நீதிமன்றம்தான் போக வேண்டும், தர்மபுரி மாவட்ட வழக்குகள் சென்னை அமர்வுக்கே வரும். அன்றைக்கு 14ஆவது பிரிவைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம்: சாதாரணச் சுரங்கத்தின் பக்கத்தில் இருப்பவருக்குப் பேச இடம் உண்டு, மாலிப்டினம் சுரங்கத்தின் பக்கத்தில் இருப்பவருக்கு ஏன் இல்லை என்று.