நாலடி முருகைத் தொட்டியில் எத்தனை மீன் விடலாம்?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்து நாலு மாதமாகிறது. கழிவை நுரையாக்கி எடுக்கிற ஸ்கிம்மர் இருக்கிறது. மென்முருகை (மெத்தென்ற பவள உயிர்) மூன்று நன்றாக விரிந்து நிற்கின்றன. மீன் என்று இப்போது இரண்டு நீமோ (கோமாளி மீன்) மட்டும்தான். கடைக்காரர் இருபது விடலாம் என்கிறார், வேறு சிலர் ஐந்து, ஆறுக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். மகள் பவுடர் புளூ என்ற நீல மீன் வேண்டும் என்று கேட்கிறாள். எத்தனை மீன் விடலாம்? கடலிலிருந்தே பிடித்து விட்டால் என்ன?”

இருக்கிற இரண்டையும் சேர்த்து ஏழு. பவுடர் புளூ வேண்டாம். மகள் முகம் வாடும் என்று தெரியும், அதனால் காரணத்தை விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த இருபது எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். உங்கள் தொட்டியின் கொள்ளளவு 9 கன அடி, அதாவது சுமார் 255 லீற்றர். மேலே இரண்டு அங்குலம் விட்டுத்தான் நீர் நிரப்புவோம். மணலும் கல்லும் ஓர் இடத்தைப் பிடிக்கும். மிஞ்சுகிற நீர் 190 லீற்றர் அளவில்தான் இருக்கும், அமெரிக்கக் கலன் கணக்கில் ஏறத்தாழ 50. ஒரு கலன் நீருக்கு ஓர் அங்குல மீன் என்று நன்னீர்த் தொட்டிக்காரரிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. இரண்டரை அங்குல மீனாக இருபது விட்டால் சரியாக 50 அங்குலம். கடைக்காரர் இந்தக் கணக்கைத்தான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்காது. ஆனால் அந்தக் கணக்கு கடல்நீருக்குப் பொருந்தாது.

இரண்டு இடத்தில் அது பிழையாகிறது. ஒன்று, மீன் நீளத்தில் மட்டும் வளர்வதில்லை. 5 சென்ரிமீற்றர் மீன் 10 சென்ரிமீற்றர் ஆகும்போது உடல் எடை இரண்டு மடங்கல்ல, எட்டு மடங்கு. தின்பதும் கழிப்பதும் மூச்சுக்கு எடுப்பதும் அந்த எடையோடு சேர்ந்து ஏறும். ஆகவே கடையில் பார்த்த அளவை மறந்துவிட்டு, வளர்ந்து முடிந்த அளவை வைத்தே எண்ணுங்கள். மற்றது ஒட்சிசன். 25 பாகை வெப்பத்தில் ஒரு லீற்றர் நன்னீர் 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஒட்சிசனைப் பிடித்து வைத்திருக்கும். அதே வெப்பத்தில் கடல்நீரில் 7 மில்லிகிராம்கூட நிற்காது. நீர் 30 பாகைக்குப் போனால் 6 சொச்சம்தான். அந்த 6 சொச்சத்தை உங்கள் 190 லீற்றரால் பெருக்கிப் பாருங்கள். தொட்டி முழுவதிலும் இருக்கிற ஒட்சிசன் ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேல். அந்த ஒரு கிராமைத்தான் மீன், முருகை, இறால், கல்லுக்குள் இருக்கிற பற்றீரியா எல்லாம் பங்குபோட வேண்டும்.

பம்ப் ஓடுகிற வரை இது பிரச்சினையில்லை. நீர் மேற்பரப்பு அசைந்து கொண்டிருந்தால், குறையக் குறையக் காற்றிலிருந்து ஒட்சிசன் வந்து சேரும். பம்ப் நின்றால்தான் சிக்கல்.

அதனால் நான் எண்ணிக்கையைத் தீர்மானிக்கிற முறை வேறு. தொட்டி நன்றாக ஓடுகிற நாளை வைத்து எண்ணாதீர்கள், ஆண்டிலேயே மோசமான இரவை வைத்து எண்ணுங்கள். திருகோணமலையில் அந்த இரவு எப்போது வரும் என்று நமக்குத் தெரியும். கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில், பகல் முழுக்கச் சுவர் வெந்து, இரவிலும் அறை ஆறாமல் கிடக்கும்போது கரண்ட் போகிற இரவு. விளக்கு அணைந்த பிறகு முருகைக்குள் வாழும் பாசியும் ஒட்சிசன் தருவதை நிறுத்திவிட்டு எடுக்கத் தொடங்கிவிடும். விடியற்காலைதான் தொட்டியில் ஒட்சிசன் ஆகக் குறைவாக இருக்கும் நேரம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்தது நினைவிருக்கும். அப்போது என் தொட்டியில் பதினொரு மீன் இருந்தன. சாதாரண நாளில் எல்லாம் நன்றாகவே இருந்தன, கழிவு சிதைந்து நீரில் சேருகிற நைத்திரேற்றுகூட ஏறவில்லை. ஒரு விடியலில் ஐந்து செத்துக் கிடந்தன. மிஞ்சியவை மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அந்தக் காலையை இன்னும் மறக்க முடியவில்லை. அதன் பிறகு நான் ஏழைத் தாண்டவில்லை.

பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். கரண்ட் போனவுடன் தானாகவே ஓடத் தொடங்குகிற வகை கிடைக்கிறது, அதுதான் நல்லது. அது இருக்கிறதே என்று மீனைக் கூட்டிவிடாதீர்கள், பற்றரி தீருகிற இரவும் வரும். வெப்பத்துக்கு, நீர்ப்பரப்பின் மேல் படுகிற மாதிரி ஒரு சின்ன மின்விசிறி வைத்தாலே இரண்டு மூன்று பாகை இறங்கும். கச்சான் காற்று வறண்டது, அதனால் நீர் நன்றாக ஆவியாகி விசிறி நன்றாக வேலை செய்யும். வாடைக் காலத்து ஈரக் காற்றில் அவ்வளவு பலன் இருக்காது. ஆவியாகிப் போவது நீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே நிற்கும். குறைந்த அளவைச் சுத்திகரித்த நன்னீரால் தினமும் ஈடுசெய்யுங்கள், கடல்நீரை ஊற்ற வேண்டாம். மேலே கண்ணாடி மூடி போட்டிருந்தால் எடுத்துவிட்டு வலை போடுங்கள். காற்றும் படும், துள்ளுகிற மீனும் வெளியே விழாது.

இப்போது பவுடர் புளூவுக்கு வருகிறேன். இந்து சமுத்திரத்து மீன், நமது கடலிலும் இருக்கிறது. அழகில் அதற்கு நிகர் குறைவு என்பதில் எனக்கும் மகளுக்கும் கருத்து வேறுபாடில்லை. ஆனால் 20 சென்ரிமீற்றரைத் தாண்டி வளரும். நாள் முழுக்கப் பாறை ஓரமாக நீந்தி நீந்திப் பாசி மேய்வதுதான் அதன் வாழ்க்கை. 4 அடிக்குள் அது இரண்டு வீச்சில் சுவரில் முட்டித் திரும்பும். அடைபட்ட மீன் கலவரப்படும், கலவரப்பட்டால் வெள்ளைப் புள்ளி நோய் பிடிக்கும். அந்த நோய்க்கு இந்த மீன் போலச் சீக்கிரம் ஆளாவது வேறு குறைவு. பிடித்தால் தொட்டியில் உள்ள எல்லாவற்றுக்கும் பரவும். அதற்குப் போடுகிற செம்பு மருந்து முருகையைக் கொன்றுவிடும், ஆகவே முருகை இருக்கிற தொட்டியில் அதையும் போட முடியாது. ஆறடித் தொட்டி வைக்கிற காலத்தில் யோசிக்கலாம்.

சரி, எந்த ஏழு? இரண்டு நீமோ இருக்கின்றன. ஒரு சோடி கார்டினல் விடுங்கள், சண்டைக்குப் போகாது, நடுநீரில் அமைதியாக நிற்கும். மணலுக்கு ஒரு கோபி. துப்பாக்கி இறாலோடு கூட்டுச் சேருகிற வகை கிடைத்தால் மகளுக்குப் பவுடர் புளூவே மறந்துபோகும். இறால் குழி தோண்டத் தோண்ட கோபி வாசலில் காவல் நிற்கும். கல்லில் குந்தியிருந்து பாசி சுரண்ட ஒரு பிளெனி. கடைசியாக ஒரு சிறிய ராஸ். இவை ஒவ்வொன்றும் தொட்டியின் வெவ்வேறு தளத்தில் வாழ்பவை, ஒன்றின் இடத்துக்கு இன்னொன்று போட்டி போடாது. இடத் தகராறு வந்தால் நீர் எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை. டாம்செல் மலிவு என்று ஒன்றை விட்டுப் பாருங்கள், முழுத் தொட்டியும் அதன் காணியாகிவிடும். வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல முருகையைக் கொத்தித் தின்பவை, அவையும் வேண்டாம்.

ஒன்றாக வாங்கி ஒரே நாளில் விடாதீர்கள். கழிவைச் சிதைக்கிற பற்றீரியா, கிடைக்கிற கழிவின் அளவுக்குத்தான் பெருகியிருக்கும். இரண்டு மீனுக்குப் பழகிய தொட்டியில் திடீரென்று ஏழு வந்தால் அமோனியா ஏறும். முதலில் கோபி, பிறகு கார்டினல் சோடி, பிறகு பிளெனி, முரட்டு ராஸ் எல்லாவற்றுக்கும் பின்னால். ஒவ்வொரு வரவையும் தனித் தொட்டியில் நாலு வாரமாவது வைத்துப் பார்த்துவிட்டு விட்டால் இடைவெளியும் தானாகவே கிடைத்துவிடும். அடுத்ததை விடுமுன் நைத்திரேற்றைப் பாருங்கள். வழக்கமாக நீர் மாற்றியும் வாராவாரம் ஏறிக்கொண்டே போனால், அது நாலாவது மீனாக இருந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். ஏழு என்று நான் சொன்னது உச்சவரம்பு, இலக்கு அல்ல. மறுபக்கம், நைத்திரேற்றும் பொசுபேற்றும் பூச்சியத்தில் நின்றாலும் முருகை வெளிறிப்போகும். மீன் கழிவு ஓரளவு அதற்கு உணவுதான்.

கடலில் பிடிப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். நிலாவெளிக்கு அப்பால் உள்ள புறாமலைத் தீவு 2003 முதல் தேசியப் பூங்கா, அங்கிருந்து ஒரு சிப்பிகூட எடுக்க முடியாது. முருகைக்கல் எந்தக் கரையிலிருந்து எடுத்தாலும் சட்டப்படி குற்றம். வேறு இடத்தில் பிடிபடும் கோமாளி மீனும் உங்களுக்கு உதவாது. நமது கடலில் சாதாரணமாகக் காண்கிற கிளார்க் வகை 15 சென்ரிமீற்றர் வரை வளர்ந்து உங்கள் நீமோக்களை விரட்டும்.

கடல்நீரை எடுக்கலாம், நானும் எடுக்கிறேன். ஆனால் உள்துறைமுகப் பக்கம் வேண்டாம். கொட்டியாரக் குடாவில் மகாவலி வந்து விழுவதால் மாரியில் அந்த நீரின் உப்பு இறங்கிவிடும். நிலாவெளிப் பக்கம், கடல் தெளிந்து அமைதியாக இருக்கிற மாதங்களில், கரையோரக் கலங்கலைத் தாண்டி எடுத்து, உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35க்குக் கிட்ட இருக்கிறதா என்று அளந்துவிட்டு ஊற்றுங்கள். மகளையும் அன்று கூட்டிப் போங்கள். அப்படியே ஒரு நாள் புறாமலையில் முக்குளிக்க விட்டால், பவுடர் புளூ எவ்வளவு தூரம் நீந்துகிற மீன் என்று அவளே பார்க்கக்கூடும்.