ஆறு வருடமாக பிட் போட்டும் கவுன்சில் வீடு வரவில்லை: 1,500 பவுண் கொடுக்கலாமா?

கேள்வி: அக்கா, நாங்கள் மேற்கு இலண்டனில் ஒரு படுக்கையறை உள்ள வாடகை வீட்டில் நாலு பேர் இருக்கிறோம். கவுன்சில் (உள்ளூராட்சி சபை) குறைந்த வாடகைக்குத் தரும் வீட்டுக்குப் பதிந்து ஆறு வருடம். மகளுக்கு இப்போது 11 வயது, மகனுக்கு 8. ஒவ்வொரு வாரமும் நடுச்சாமம் வரை முழித்திருந்து கவுன்சில் இணையத்தளத்தில் வரும் வீடுகளுக்கு முதல் ஆளாக பிட் (bid) போடுகிறேன். ஒன்றும் வரவில்லை. எங்களுக்குப் பிறகு பதிந்த பக்கத்து வீட்டுக்காரருக்குப் போன வருடம் கிடைத்துவிட்டது. தெரிந்த ஒருவர் 1,500 பவுண் தந்தால் பேண்டை, அதாவது கவுன்சில் தந்திருக்கும் முன்னுரிமைப் படியை, உயர்த்தி வீடு எடுத்துத் தருகிறேன் என்கிறார். கணவர் வேறு முகவரியில் இருப்பதாக எழுதினால் இன்னும் சுகமாம். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், தங்கச்சி. உங்கள் கவுன்சில் கணக்கின் பாஸ்வேர்டை அவரிடம் ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்று இரவே மாற்றிவிடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் உங்களுக்கு வீடு வராத காரணத்தைப் பார்ப்போம். அது நீங்கள் நினைக்கிற காரணம் இல்லை.

பிட் என்ற சொல்லே எங்கள் ஆட்களைக் குழப்புகிறது. ஏலம் என்றால் கூடக் கேட்பவருக்குப் போகும். சங்கக்கடை வரிசை என்றால் விடிய எழும்பிப் போனவருக்குக் கிடைக்கும். இது இரண்டும் இல்லை. நீங்கள் பிட் போடும்போது செய்வதெல்லாம், "இந்த வீட்டுக்கு எங்கள் பெயரையும் பாருங்கள்" என்று கை தூக்குவது மட்டும்தான். காலம் முடிந்ததும் கம்ப்யூட்டர் கை தூக்கிய எல்லாரையும் அடுக்கும். குடும்பத்தின் அளவு அந்த வீட்டுக்குப் பொருந்துகிறதா என்று முதலில் பார்க்கும். பொருந்துகிறவர்களில் மேல் பேண்டில் உள்ளவர்களை முன்னே வைக்கும். ஒரே பேண்டில் பலர் இருந்தால் யாருடைய தேதி பழையது என்று பார்க்கும். நீங்கள் எத்தனை மணிக்குப் பட்டனை அழுத்தினீர்கள் என்பது இந்தக் கணக்கில் வராது. நடுச்சாமம் 12:01க்குப் போட்டாலும், மூடுவதற்குப் பத்து நிமிடம் இருக்கப் போட்டாலும் ஒன்றுதான். நித்திரை கொள்ளுங்கள்.

இரவில் திரையில் "நீங்கள் 9 ஆவது இடம்" என்று காட்டும், இரண்டு நாளில் அது 140 ஆகும். யாரோ இடையில் புகுந்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். மற்றவர்கள் அப்போதுதான் கை தூக்குகிறார்கள். கடைசி நாளில் காட்டும் இலக்கம் மட்டும்தான் உண்மையான இலக்கம்.

பக்கத்து வீட்டுக்காரர் உங்களை முந்தியதும் இப்படித்தான். நீங்கள் பேண்ட் சியில் ஆறு வருடமாக இருந்தாலும், நோய் காரணமாகவோ வீடிழந்ததாலோ போன மாதம் பேண்ட் பிக்கு வந்தவர் உங்களுக்கு மேலே நிற்பார். பேண்டைத் தேதியால் தாண்ட முடியாது. சில கவுன்சில்கள் பேண்டுக்குப் பதில் புள்ளிகள் வைத்திருக்கின்றன, எண்ணம் அதேதான்.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தைப் படித்ததும் என் கண் போய் நின்றது இரண்டு இலக்கங்களில்: 11, 8. நீங்கள் பதிந்தபோது மகளுக்கு 5, மகனுக்கு 2. பத்து வயதுக்குக் கீழே ஆணும் பெண்ணும் ஒரே அறையில் படுக்கலாம் என்பது கவுன்சில்கள் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு. அதனால் உங்களுக்கு ஓர் அறை, பிள்ளைகளுக்கு ஓர் அறை என்று இரண்டு அறைத் தேவை எழுதியிருப்பார்கள். உங்களிடம் ஓர் அறை இருந்தது. ஆக ஓர் அறை குறைவு.

மகளுக்குப் பத்து வயது முடிந்த அன்று அந்தக் கணக்கு மாறிவிட்டது. பத்து வயதுக்கு மேற்பட்ட பெண் பிள்ளையும் தம்பியும் ஒரே அறையில் இருக்க வேண்டியதில்லை. இப்போது உங்கள் தேவை மூன்று அறை, இருப்பது ஒன்று. இரண்டு அறை குறைவு. ஓர் அறை குறைந்தால் ஒரு பேண்ட், இரண்டு அறை குறைந்தால் அதற்கு மேல் பேண்ட் என்றுதான் பல கவுன்சில்களின் விதி இருக்கிறது. நீங்கள் இதை அறிவித்ததாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அப்படியென்றால் ஒரு வருடத்துக்கு மேலாக நீங்கள் தவறான பேண்டில் நின்று கை தூக்கிக்கொண்டு இருக்கிறீர்கள்.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். மகளின் பிறந்த தேதி கவுன்சில் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பத்து வயது என்றைக்கு முடிகிறது என்று அதற்குத் தெரியும். தானாகப் பேண்டை மாற்றலாம், ஒரு குறுஞ்செய்தியாவது அனுப்பலாம். பெரும்பாலான இடங்களில் அப்படிச் செய்வதில்லை. நீங்கள் சொல்ல வேண்டும், அத்தாட்சி ஏற்ற வேண்டும், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்கு மேல், பேண்ட் உயரும்போது பல கவுன்சில்களில் உங்கள் பழைய தேதியும் போய்விடும். மேல் பேண்ட் கிடைத்த நாளே புதிய தேதி. நீங்கள் பிந்திச் சொல்லும் ஒவ்வொரு மாதமும் உங்கள் வரிசையில் ஒரு மாதம் குறைகிறது.

ஆகவே இந்த வாரமே உங்கள் கணக்குக்குள் போய், சூழ்நிலை மாற்றத்தை அறிவிக்கும் பகுதியில் மகளின் வயதை எழுதுங்கள். பிறப்புச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம், வீட்டில் எத்தனை அறை என்ற விபரம் எல்லாவற்றையும் ஏற்றுங்கள். பதில் எழுத்தில் வரட்டும். தொலைபேசியில் "எல்லாம் சரி" என்று சொன்னதை நம்பி இருந்துவிடாதீர்கள். பேண்ட் மாறாவிட்டால் மீளாய்வு கேட்கலாம். 1996 ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது.

இரண்டு விஷயம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஹோலையும் படுக்கும் அறையாகக் கணக்கெடுத்து, "உங்களுக்கு ஓர் அறைதான் குறைவு" என்று சில கவுன்சில்கள் சொல்லும். அப்படிச் சொன்னால், அவர்களுடைய ஒதுக்கீட்டு விதியில் அது எந்த இடத்தில் எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். அந்த விதிப்புத்தகம் பொதுவாக அவர்களின் இணையத்தளத்திலேயே இருக்கும். மற்றது, மூன்று அறை வீடுகள் இரண்டு அறை வீடுகளைவிட அரிது. பேண்ட் உயர்ந்ததும் வீடு வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. மேல் பேண்டில் இருந்துகொண்டு இரண்டு அறை வீட்டுக்கும் பிட் போட விடுவார்களா என்று கேளுங்கள். சில இடங்களில் விடுகிறார்கள். அது கிடைத்தால் உங்கள் நிலை நல்லாகவே மாறும்.

இனி அந்த 1,500 பவுண். பல வருடமாக எங்கள் ஆட்களின் படிவங்களைப் பார்த்து வருகிறேன். இந்த "எடுத்துத் தருகிற" ஆட்கள் செய்வது என்ன என்று எனக்கு நன்றாகவே தெரியும். உங்கள் பாஸ்வேர்டை வாங்கி, நீங்கள் போடும் அதே பிட்டை அவர் போடுவார். ஒரு நாள் உங்கள் முறை தானாக வந்தால் "நான் எடுத்துத் தந்தேன்" என்பார். வராவிட்டால் "கவுன்சில் ஆள் இன்னும் 500 கேட்கிறார்" என்பார். காசு கொடுத்து பேண்ட் வாங்க முடியாது. படிவம் நிரப்பச் சிரமப்படுகிறவருக்குக் கவுன்சிலே இலவசமாக உதவ வேண்டும் என்று அதே 1996 சட்டம் சொல்கிறது. ஆங்கிலம் கஷ்டம் என்றால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆலோசனை தரும் தொண்டு நிறுவனங்களான ஷெல்ட்டர், சிட்டிசன்ஸ் அட்வைஸ் இரண்டும் ஒரு பென்ஸ்கூட வாங்காது.

ஒரு குடும்பம் என்னிடம் ஒரு வாடகை ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து காட்டியது. மேலே கவுன்சில் சின்னம், போட்டோகொப்பி எடுத்ததால் ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. கையெழுத்துக்கு மேலே இருந்த பெயரில் ஓர் எழுத்து பிழை. 4,000 பவுண் கொடுத்து அந்த வீட்டில் இரண்டு மாதம் இருந்திருக்கிறார்கள். உண்மையில் அது வேறொருவரின் கவுன்சில் வீடு. அவர் தான் வேறு இடத்தில் இருந்துகொண்டு களவாக வாடகைக்கு விட்டிருந்தார். 2013 முதல் அது சிறைக்குப் போகக்கூடிய குற்றம். ஆனால் முதலில் வெளியே நின்றது இந்தக் குடும்பம்தான். அந்தத் தாய் பிள்ளையின் பள்ளிக்கூடப் பையையும் சோற்றுக் குக்கரையும் ஒரே பிளாஸ்டிக் பையில் வைத்துக்கொண்டு வந்து இருந்தா. காசு திரும்ப வரவில்லை.

கணவர் வேறு முகவரியில் இருப்பதாக எழுதச் சொன்னது இதைவிட மோசம். படிவத்தில் தெரிந்துகொண்டே பொய் எழுதுவது குற்றம். கவுன்சில் வரி, பள்ளிக்கூடப் பதிவு, யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசாங்க உதவிப்பணம் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். இன்று பிடிபடாவிட்டாலும், வீடு கிடைத்து ஐந்து வருடம் கழித்துத் தெரிந்தால்கூடப் பொய்யால் வந்த வீட்டை வழக்குப் போட்டு எடுத்துவிடலாம். எழுதச் சொன்னவர் அன்றைக்கு உங்கள் தொலைபேசியை எடுக்க மாட்டார். "வீட்டுக்காரரிடம் சொல்லி, வீட்டை விட்டு எழும்பச் சொல்லும் ஒரு நோட்டீஸ் வாங்கு, வீடில்லாதவர் கணக்கில் போகலாம்" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். பேசிவைத்து எழும்பினால் வேண்டுமென்றே வீடிழந்தவர் என்று முடிவெடுத்துவிடுவார்கள். பிறகு நிரந்தரமான உதவி கிடைக்காது.

ஜி.பி. (குடும்ப டாக்டர்) கடிதத்துக்கு 40, 50 பவுண் கொடுப்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். "இவருக்குப் பெரிய வீடு தேவை" என்று டாக்டர் எழுதுவதால் அநேகமாக ஒன்றும் ஆகாது. கவுன்சில் தன் மருத்துவ ஆலோசகரைத்தான் கேட்கும். நோயால் இந்த வீட்டில் என்ன செய்ய முடியவில்லை என்று நீங்களே படிவத்தில் எழுதுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்த ஒரு பிழையால் வீட்டை இழந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஒருநாள் உங்கள் வீட்டுக்காரர் உண்மையாகவே எழுப்பி, கவுன்சில் உங்களை வீடிழந்த குடும்பமாக ஏற்று, உங்களுக்கு இருக்க வீடு தரும் முழுக் கடமையும் எடுத்தால், அப்போது வரும் வீட்டை வாயால் "வேண்டாம்" என்று சொல்லிவிடாதீர்கள். சாதாரணமாகப் பதிந்தவர் இரண்டு மூன்று வீட்டை மறுத்தால் கொஞ்ச மாதம் நிறுத்திவைப்பார்கள். வீடிழந்தவருக்கு அப்படி இல்லை. பொருத்தமான ஒரு வீட்டை மறுத்தால் அந்தக் கடமையே முடிந்துவிடும். தற்காலிக வீட்டையும் விட்டுப் போகச் சொல்வார்கள்.

"அப்ப நாலாம் மாடி, லிப்ட் இல்லை, எனக்கு முழங்கால் ஏலாது, அதையும் எடுக்கவா?" என்று ஒரு அம்மா கேட்டா. எடுங்கள் என்றேன். எடுத்துவிட்டு, அதே கையோடு "இந்த வீடு எனக்குப் பொருத்தமில்லை" என்று மீளாய்வு கேளுங்கள். 21 நாள் இருக்கிறது. வீட்டை ஏற்றுக்கொண்டவருக்கும் மீளாய்வு கேட்க உரிமை உண்டு என்று சட்டத்திலேயே இருக்கிறது. நிறையப் பேருக்கு, சில கவுன்சில் அதிகாரிகளுக்கும்கூட, இது தெரியாது. "சாவி வாங்கினால் சம்மதம் என்று அர்த்தம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மீளாய்வில் வென்றால் வேறு வீடு தர வேண்டும். தோற்றாலும் உங்கள் தலைக்கு மேல் கூரை இருக்கும். மறுத்துவிட்டு மீளாய்வு கேட்டுத் தோற்றால் ஒன்றுமே இருக்காது. மீளாய்வுக்குப் பிறகு நீதிமன்றம் போகவும் 21 நாள்தான், அதற்குச் சட்ட உதவி கிடைக்கலாம். இந்த 21 என்ற இலக்கத்தை மட்டும் மறக்காதீர்கள். கடிதம் கிடைத்த நாளிலிருந்து எண்ணுங்கள், திறந்து படித்த நாளிலிருந்து இல்லை.

அந்த அம்மா என்னிடம் வருவதற்கு முன்பே தொலைபேசியில் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டா. அந்த அழைப்பு மூன்று நிமிடம்கூட இருந்திருக்காது.

நீங்கள் ஒரு பிழையும் செய்யாமல் எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும். இங்கிலாந்தில் பட்டியலில் 13 இலட்சத்துக்கு மேல் குடும்பங்கள். 1980 இல் குடியிருப்பவரே வாங்கலாம் என்று சட்டம் வந்த பிறகு ஏறத்தாழ 20 இலட்சம் கவுன்சில் வீடுகள் விற்கப்பட்டன. விற்ற அளவுக்குத் திரும்பக் கட்டவில்லை. வீடு இல்லாத இடத்தில் எத்தனை பேண்ட் வைத்து என்ன? இல்லாததை அழகாகப் பங்கிடுகிறார்கள். அந்த ஆத்திரத்தில்தான் ஆட்கள் 1,500 பவுணோடு யாரையாவது தேடிப் போகிறார்கள். எனக்கு அது விளங்குகிறது.

கணக்கைத் திறக்கும்போது இன்னும் இரண்டைப் பாருங்கள். ஒன்று, வருடாந்தப் புதுப்பிப்பு. பல கவுன்சில்கள் வருடத்துக்கு ஒருமுறை "இன்னும் வீடு வேண்டுமா?" என்று மின்னஞ்சல் அனுப்பும். பதில் போடாவிட்டால் பெயரை எடுத்துவிடும், ஆறு வருடமும் போய்விடும். இரண்டு, அங்கே உள்ள தொலைபேசி இலக்கம் இப்போது நீங்கள் பாவிக்கும் இலக்கம்தானா என்று பாருங்கள். வீடு பார்க்க வரச் சொல்லி எடுக்கும் அழைப்பு, இலக்கம் காட்டாத அழைப்பாக வரலாம். சில வேளை ஒரு நாள் அவகாசம்தான் தருவார்கள். கடன்காரர் என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள்.