பூங்காவில் துப்பாக்கித் தடை: நகர மன்றத்தால் முடியுமா?

கேள்வி: அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் எங்கள் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) பூங்காவின் வாசலிலேயே துப்பாக்கிக்கு அனுமதியில்லை என்று பலகை இருக்கும். இப்போது வேலை மாறி ஃபுளோரிடாவின் பால்ம் பீச் கவுண்டிக்குக் குடிபோகிறோம். அங்கே பூங்காக்களில் அப்படித் தடை கிடையாது என்கிறார்கள். பெற்றோர்கள் சேர்ந்து நகர மன்றத்தில் மனு கொடுத்தால் கொண்டுவர முடியுமா?

பதில்: மனு கொடுக்கலாம். ஆனால் நகர மன்றம் நினைத்தாலும் அந்தத் தடையைக் கொண்டுவர முடியாது.

துப்பாக்கி விஷயத்தில் உள்ளாட்சிக்கு எவ்வளவு அதிகாரம் என்பதை மாநிலம்தான் முடிவு செய்கிறது. 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதை ஏதோ ஒரு வகையில் கட்டிப்போட்டிருக்கின்றன. வர்ஜீனியா 2020 ஜூலையில் கட்டைக் கொஞ்சம் தளர்த்தியது. உள்ளாட்சிக் கட்டடங்கள், பூங்காக்கள், சமூகக் கூடங்கள், அனுமதி பெற்ற நிகழ்ச்சி நடக்கும் தெருக்கள் ஆகியவற்றில் மட்டும் உள்ளாட்சியே தடை போடலாம். நீங்கள் பார்த்த பலகையும் அந்தச் சட்டத்தின் நிபந்தனைதான். பூங்காவுக்கு எத்தனை வாசல் இருந்தாலும் ஒவ்வொன்றிலும் அறிவிப்பு வைத்தாக வேண்டும்.

ஃபுளோரிடா 1987-லேயே முழு அதிகாரத்தையும் மாநிலத்தின் கையில் எடுத்துக்கொண்டது. 2011-இல் அதற்குத் தண்டனையும் சேர்த்தது. தெரிந்தே விதிமீறி ஊர்ச்சட்டம் போடும் மன்ற உறுப்பினருக்கு 5,000 டாலர் வரை அபராதம், அதுவும் சொந்தப் பணத்திலிருந்து. ஆளுநர் பதவியைப் பறிக்கலாம். வழக்குச் செலவுக்கு ஊர்ப் பணத்தைத் தொட முடியாது. 2018-இல் பார்க்லாண்ட் பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்ட பிறகு பல நகரங்களும் கவுண்டிகளும் இதை எதிர்த்து நீதிமன்றம் போயின. 2023 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் தண்டனைகள் செல்லும் என்று சொல்லிவிட்டது. அதனால் உங்கள் உறுப்பினர் தயங்கினால் அவர்மேல் கோபப்படாதீர்கள்.

ஊருக்கு ஊர் சட்டம் மாறினால் வண்டியில் போகிறவர் தெரியாமலே குற்றவாளி ஆகிவிடுவார் என்பது மாநிலத்தின் தரப்பு. நியாயமான கவலைதான். அதற்கு வாசலில் ஒரு பலகை போதும் என்று வர்ஜீனியா காட்டியிருக்கிறது. வாக்களித்ததற்காக ஒரு மக்கள் பிரதிநிதியைத் தண்டிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நகர மன்றக் கூட்டம் நடக்கும் அறைக்குள் மறைத்து வைத்த துப்பாக்கியோடு வரக் கூடாது என்று ஃபுளோரிடா மாநிலச் சட்டமே சொல்கிறது. அந்தப் பாதுகாப்பு குழந்தைகள் ஊஞ்சலாடும் இடத்துக்கும் வேண்டும்.

சரி, உங்களால் என்ன செய்ய முடியும்? பலருக்கும் தெரியாத ஒரு வழி இருக்கிறது. 1998-இல் ஃபுளோரிடா வாக்காளர்கள் மாநில அரசியலமைப்பிலேயே ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். பொதுமக்கள் வந்துபோகும் இடத்தில் துப்பாக்கி கைமாறினால், வாங்குபவரின் குற்றப் பின்னணியைச் சரிபார்க்கவும், 3 முதல் 5 நாள் காத்திருக்கச் சொல்லவும் கவுண்டிக்கு உரிமை உண்டு. வார இறுதியும் விடுமுறையும் அந்தக் கணக்கில் வராது. உரிமம் பெற்ற கடைக்காரர் கூட்டாட்சிச் சட்டப்படியே பின்னணி பார்த்தாக வேண்டும். துப்பாக்கிக் கண்காட்சியில் பக்கத்து மேசையில் தன் சொந்தத் துப்பாக்கியை விற்கும் தனியாருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அந்த ஓட்டையை அடைக்கத்தான் இந்தப் பிரிவு. மறைத்து எடுத்துச் செல்லும் உரிமம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அரசியலமைப்பில் இருப்பதால் 1987 சட்டத்தால் இதைத் தொட முடியாது.

பால்ம் பீச் கவுண்டியில் இந்த விதி ஏற்கெனவே இருக்கிறது. கேட்க வேண்டியது அது நடைமுறையில் இருக்கிறதா என்பதைத்தான். ஃபுளோரிடாவின் பொது ஆவணச் சட்டம் வலுவானது. கண்காட்சிகளில் யார் சோதிக்கிறார்கள், இதுவரை எத்தனை பேர்மேல் நடவடிக்கை எடுத்தார்கள் என்று ஷெரிஃப் (கவுண்டியின் காவல்துறைத் தலைவர்) அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. பதில் திருப்தியாக இல்லையென்றால் அதைக் கையில் வைத்துக்கொண்டு கவுண்டி ஆணையர்கள் கூட்டத்தில் பேசுங்கள்.

அப்புறம் பூங்கா. அது மாநில சட்டமன்றத்தின் வேலை. கூட்டத்தொடருக்கு முன்பு அந்தக் கவுண்டியின் சட்டமன்ற உறுப்பினர்கள் ஒன்றாக உட்கார்ந்து மக்களிடம் கருத்துக் கேட்பார்கள். தேதியை விசாரித்து, பேசப் பெயர் பதிந்துகொள்ளுங்கள். பொதுவாகத் துப்பாக்கிக் கட்டுப்பாடு வேண்டும் என்று கேட்டால் காற்றோடு போய்விடும். வர்ஜீனியா சட்டத்தின் அந்தப் பிரிவை அச்செடுத்துக் கொடுத்து, பூங்காவுக்கு மட்டும், பலகை நிபந்தனையோடு அதேபோன்ற திருத்தம் வேண்டும் என்று கேளுங்கள்.